ஜெஸ்லின் விசாரித்த கம்பெனி

பி.காம். முடித்த எங்கள் தெரு ஜெஸ்லின், எந்தக் கம்பெனிக்கும் விண்ணப்பம் போடுமுன் அதன் பூர்வோத்திரம் முழுவதையும் விசாரித்துவிடுவாள். இணையத்தில் போடுகிற நட்சத்திரங்களை அவள் நம்புவதில்லை; அதெல்லாம் முதலாளியின் மச்சினன் போட்டது என்பாள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிற நம் ஊர் முறைதான் அவளுக்கு வேதம். எதிர்த்த டீக்கடைக்குத் தெரியாததா கூகுளுக்குத் தெரியப்போகிறது?

போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்க ஆள் தேவை என்றதும் தேனியிலிருந்து பஸ் ஏறிவிட்டாள்.

"முதலாளி எப்படிண்ணே? குடிப்பாகளா? கோவக்காரகளா?" என்று டீக்கடைக்காரரைக் குடைந்தாள்.

அவர் வாயாரப் புகழ்ந்தார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் அதற்கும் மேலே போனார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முதலாளியை இப்படிப் புகழ்கிற ஊர் உலகத்திலேயே கிடையாது. "நீ எந்தத் தெரு, எந்தச் சபைம்மா?" என்று அவர்கள் கேட்டதற்கும் விவரமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, முதலாளியின் தாயார் மல்லிகைப்பூவும் ஆப்பிளுமாக ஜெஸ்லின் வீட்டில் வந்து இறங்கினார்.

"எம்மகனப் பத்தி உங்க வீட்டுல விசாரிச்சீகளாமே! தங்கமான பையன். அதிர்ந்து ஒரு வார்த்த பேசமாட்டான்."

ஜெஸ்லின் பதறிப்போனாள். "அய்யய்யோ அம்மா, நான் அங்க வேலைக்குச் சேரத்தான் விசாரிச்சேன்!"

தாயார் முகம் மாறியது. வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேலைக்கா? வேணாம் ஆத்தா. அவன் வாய்க்கு அங்கன ஒரு புள்ளயும் ஒரு மாசம் தங்குனதில்ல."