மச்சானுக்குக் கொடுத்த உயிர்

போன ஞாயிறு பூசை முடிந்ததும் தலவிலவுக்கு ஒரு அலுமாரி பார்க்கப் போனோம்.

என் மனைவி மெற்றில்டாவின் மச்சான் சவிரி இத்தாலியில் இருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டார். மாமன் மகன். மாடி வீடு கட்டியிருக்கிறார். கப்பலில் வந்த சாமான்களுக்குள் ஆள் உயர அலுமாரி ஒன்றும் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். மதுரங்குளியில் இருந்து இரண்டு பஸ். பாலாவியில் நாற்பது நிமிடம் காத்திருப்பு. ஒரு அலுமாரிக்காகவா?

போய்ப் பார்த்தால் அது அலுமாரி இல்லை. பழைய வீடியோ கேம் மிஷின். நின்றபடி விளையாடுவது. திரைக்குக் கீழே இரண்டு பேருக்கு இரண்டு கைப்பிடி, ஆளுக்கு மூன்று பட்டன். பக்கப் பலகையில் ஓடும் ரயிலின் கூரைமேல் ஒரு கதாநாயகன், அவனை ஒட்டி ஒரு கதாநாயகி. ஒரு காலத்தில் சக்கை போடு போட்ட இங்கிலீஷ் படத்தை வைத்துச் செய்த கேமாம். இத்தாலியில் ஒரு கோப்பிக் கடையை மூடும்போது வாங்கினாராம்.

"இவ்வளவு தூரம் ஏன் இதைக் காவிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"மச்சாளைக் கேளுங்க அண்ணன். சிலாபத்தில நாங்க ரெண்டு பேரும் பார்த்த படம்."

மெற்றில்டா சிரித்தாள். "ரெண்டு பேரா? வேன் நிறையப் போனம். பதினொரு பேர்."

பதினொரு பேர். சரி. மிச்ச ஒன்பது பேரும் எந்த வரிசையில் இருந்தார்கள்?

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. அப்போது நான் யாழ்ப்பாணத்தில். இந்தக் கரைக்குக் கணக்கு வாத்தியாராக மாற்றலாகி வந்ததும், மெற்றில்டாவைக் கட்டியதும் பிறகு. முப்பத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு படம் பார்த்ததாக அவள் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று. சவிரி என்னை 'அண்ணன்' என்கிறாரே, கவனித்தீர்களா? முறைப்படி சரிதான். மச்சாளைக் கட்டியவன் அண்ணன். ஆனால் இந்த முறை எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரு பெண்ணைக் கட்ட உரிமையுள்ளவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சகோதரர்கள்... அவ்வளவுதான். அவர் 'அண்ணன்' என்னும்போதெல்லாம் எனக்கு அதுதான் கேட்கிறது. அன்று பதினாறு தடவை சொன்னார்.

பொறாமை என்பது இளவயதுக் காய்ச்சல் என்று நினைத்திருந்தேன். இல்லை — சீனி வருத்தம் மாதிரி. வயது போகத்தான் பிடிக்கிறது.

மெற்றில்டாவுக்கு அறுபது வயது. முழங்கால் வலியென்று பூசையிலேயே பாதி நேரம் உட்கார்ந்துகொள்பவள். அன்று கைப்பையை என்னிடம் தந்துவிட்டு அந்த மிஷின் முன்னால் சவிரியோடு சேர்ந்து முக்கால் மணி நேரம் நின்றாள்.

ஆளுக்கு நாலு உயிர். அடிபட்டால் ஒன்று குறையும். உயிர்களைத் திரையின் மூலையில் சின்னச் சின்ன இதயங்களாகப் போட்டிருக்கிறார்கள். ஏன், நட்சத்திரம் போடக்கூடாதா?

"பாலம் வருது மச்சாள்."

"தெரியும். கீழ இருந்து வில்லன் ஏறி வருவான். படத்தில இந்த இடத்திலதானே நீங்க பயந்து கதிரைக்குக் கீழ குனிஞ்சீங்க?"

"குனிஞ்சது செருப்புத் தேட."

"ஓம் ஓம். செருப்பு."

இருட்டுக் கொட்டகையில் ஒருவர் குனிந்தது தெரியவேண்டுமானால் எந்தக் கதிரையில் இருந்திருக்க வேண்டும்? கணக்கு வாத்தியாருக்கு இது பெரிய கணக்கா?

சவிரியின் நாலு உயிரும் போய்விட்டன. மெற்றில்டாவிடம் நாலும் அப்படியே. அப்பாடா, ஆள் இனி ஒதுங்குவார் என்று நினைத்தேன்.

"மச்சாள், எனக்கு ஒரு உயிர் தாங்க. அந்த மஞ்சள் பட்டனை அமத்துங்க."

கூட்டாளிக்கு உயிர் கொடுக்கலாமாம். அப்படியும் ஒரு வசதி.

அமத்தினாள். யோசிக்கவே இல்லை. ஒரு இதயம் அவள் மூலையில் இருந்து கிளம்பி, திரையைக் கடந்து, அவருடைய மூலைக்குப் போய் உட்கார்ந்தது. போகும்போது சங்கீதம் வேறு.

வீட்டில் மீன் கறி வைத்தால் தலை எப்போதும் அவளுக்குத்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'இந்தாங்க' என்று என் பக்கம் தள்ளியிருப்பாளா?

அந்த உயிரையும் சவிரி தொலைத்தார். பிறகு மெற்றில்டாவும் தோற்றாள்.

"நானும் விளையாடப் போறன்," என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்குப் படத்தின்ர கதை தெரியாதே," என்றாள்.

"நீர் சொல்லித் தாரும்."

என் முதல் உயிர் ஆட்டம் தொடங்கியது தெரியுமுன்னே போயிற்று. இரண்டாவது, ரயிலில் இருந்து நானே குதித்தது. "அந்தக் கை இல்ல, மற்றக் கை" என்றபடி மெற்றில்டா எனக்கு முன்னால் ஓடி ஓடி வந்து, எனக்கு விழவேண்டிய அடிகளை வாங்கினாள். அதிலேயே அவளுடைய மூன்று உயிர் போயிற்று. அப்படியும் கடைசிப் பெட்டிக்கு வந்தபோது என் நாலும் முடிந்துவிட்டன. அவளிடம் ஒன்றே ஒன்று.

தாரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் நிற்கவும் முடியவில்லை. மஞ்சள் பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குடுத்திடாதீங்க மச்சாள்," என்றார் சவிரி. "அங்க இன்ஜின் தெரியுது. அதோட படம் முடிஞ்சிது. இவ்வளவு தூரம் நானே வந்ததில்லை. குடுத்தா உங்கட ஆட்டம் அவ்வளவுதான்."

மெற்றில்டா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பட்டனை அமத்தினாள்.

"இந்தாங்க. ஓடுங்க."

இதயம் என் மூலைக்கு வந்தது. சங்கீதமும் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஓட மறந்துவிட்டேன்.

சவிரி தலையில் கை வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன். அவருக்குக் கொடுத்தது நாலில் ஒன்று — கால் பங்கு. எனக்குக் கொடுத்தது ஒன்றில் ஒன்று. நூற்றுக்கு நூறு. இதை மெற்றில்டாவிடம் சொன்னேன்.

"எனக்குக் கால் வலிச்சுது. கெதியா முடியட்டும் எண்டுதான் குடுத்தன்," என்றாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் நூற்றுக்கு நூறு என்றே போட்டுக்கொண்டேன்.

வருகிற ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார் சவிரி. வாசகர்களே, ரயில் கூரையில் சண்டை வரும் அந்தப் பழைய இங்கிலீஷ் படத்தின் சீடி யாரிடமாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்... தனியாகப் பார்த்துவிட்டுப் போகவேண்டும்.