சிவப்புக் கூறை வெளுத்த கதை

அன்று பள்ளிமுனையில் உள்ள என் புகைப்பட ஸ்ரூடியோவில் நான்கு பேர் இருந்தோம்: புது மணமகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய், அவர்களின் கலியாணப் படத்தைத் திறந்துவைத்த கணினிக்கு முன்னால் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாராவது முகம் சுளித்தாலே பயந்துவிடுவேன். மாமியாரோ ஏற்கெனவே கோபத்தில் இருந்தார். தேவாலயத்தில் நடந்த கலியாணத்துக்கு வெள்ளைச் சேலை கட்டாமல் மருமகள் சிவப்புக் கூறைச் சேலையில் வந்துவிட்டாளாம்.

"சிவப்புத் தெரியாமல் கறுப்பு வெள்ளையில பெரிசா ஒண்டு அடிச்சுத் தாங்கோ தம்பி."

மாற்றினேன். கூறை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

"இதென்ன, செத்தவீட்டுப் படமோ?"

மணமகளின் கண் கலங்கியது. நான் பதறிப்போய், கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு இருந்த இடங்களை வெளுப்பாகவோ கறுப்பாகவோ மாற்றும் பட்டனைக் கண்மண் தெரியாமல் ஒரு பக்கமாக இழுத்துவிட்டேன். கூறை பால்போல வெளுத்தது.

மாமியார் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். "இப்பதான் மாதாகோயில் கலியாணப் பொம்பிளை மாதிரி இருக்கிறா."

"என்ர சிவப்பு ரையும் வெளுத்துப் போச்சு அம்மா" என்று படத்தில் தன் கழுத்துப்பட்டியைக் காட்டினான் மாப்பிள்ளை.

"உன்னை ஆர் பாக்கப் போகினம்?"

மணமகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம்.

இப்போது அவர்கள் வீட்டு விறாந்தையில் வெள்ளைக் கூறைப் படமும் அறையில் வண்ணத்திலேயே அடித்த சிவப்புக் கூறைப் படமும் தொங்குகின்றன. "இதுதானே வடிவான படம்?" என்று மாமியாரும் மருமகளும் என்னைத் தனித்தனியே கேட்டார்கள். இருவருக்கும் "ஓம்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை.