பாறை தெரியும்வரை

நேற்று கெலிஓயாப் பக்கம் பாலத்தில் பஸ் நின்றபோது சாரதி ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே ஜன்னலில் வந்த ஆற்றுச்சேற்று வாடை, பாலம் கட்டும் முன் அங்கிருந்த தகரக் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. மகாவலி பெருகினால் தோணிக்காரர் தோணியைக் கட்டிவிடுவார்; நடு ஆற்றிலுள்ள கறுப்புப் பாறையின் தலை தெரியும்வரை, ஈரக் குடைகளும் கோழிக்கூடைகளுமாக, தகரத்தில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு, பிளேன்டீ குடித்துக்கொண்டு, சில நாள் பின்னேரத்து அஸர் பாங்கு வரைக்கும் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருப்போம். யாரும் முணுமுணுத்ததாக நினைவில்லை.

நான் சின்னப்பிள்ளையாயிருந்த ஒரு வருஷம், பெருநாளுக்கு முந்தின நாளும் பாறை தெரியவில்லை. என் புதுச்சட்டை அக்கரைத் தையற்கடையில் இருந்தது; அதை எடுத்துவர வாப்பாவும் நானும் கொட்டகையில் காத்திருந்தோம்.

"கொஞ்சம் பொறுங்க நானா, தண்ணி இன்னும் வடியல்ல" என்று தோணிக்காரர் வாப்பாவிடம் சொல்லச் சொல்ல, அவர் கயிற்றை அவிழ்த்துத் தனியாகவே தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் உடலைப் பெருநாளன்று மாலைதான் எடுத்தார்கள்.

"அவசரப்பட்டுட்டாரே மனுசன்" என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அன்று கொட்டகை மூலையில் அவர் மடியில் இருந்துகொண்டு, "எப்பதான் போறீங்க வாப்பா?" என்று அவர் காதுக்குள் நான் கேட்டுக்கொண்டேயிருந்ததை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.