காதுகுத்துக் கச்சேரியில் இரண்டாம் குரல்

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் நான். போகும்போதும் வரும்போதும் காதில் ஓடுவது ஒரே பாட்டுதான். நான் பிறப்பதற்கு முன்பே, எங்கோ வெளிநாட்டில் நாலு பேர் கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு பாடிய பழைய ராக் பாட்டு. அதை நிம்மதியாகக் கேட்க விட்டால்தானே. டிரைவர் போடுகிற குத்துப்பாட்டு இயர்போனைத் துளைத்துக்கொண்டு வரும். சிமெண்ட் லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தால் எடுக்கமாட்டான். சரியாகப் பல்லவி வரும் நேரம் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தட்டி, "பேரளி ஸ்டாப் தாண்டிருச்சா சார்?" என்பார்.

அந்தப் பாட்டின் வேலைப்பாட்டைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. சரணத்தில் மெட்டு அசையவே அசையாது. ஒரே ஸ்வரத்தில் நின்று, பேசுகிற மாதிரிப் போகும். அடியில் கிடார் மட்டும் மாறும். கிடார் மாற மாற, அதே ஸ்வரம் முதல் வரியில் சோகமாகக் கேட்கும், அடுத்த வரியில் ஆறுதலாகக் கேட்கும். எழுதியவன் மெட்டைத் தொடவே இல்லை, அது நிற்கிற தரையை மாற்றியிருக்கிறான். பாவி, எப்படித்தான் தோன்றியதோ. பல்லவியில் இரண்டாவது குரல் ஒன்று வந்து சேரும். முதல் குரலுக்குக் கொஞ்சம் உயரே, கூடவே நடந்து வரும். கடைசி வரியில் கீழ்க்குரல் இறங்கிவிடும். மேல்குரல் இறங்காது, அங்கேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் திறக்கிற அந்த இடைவெளியில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்பேன்.

அந்த ஓர் இடத்தை மனிதத் தொண்டைகள் பாடி நேரில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. பங்களாவா கேட்டேன்? கீழ்க்குரலுக்கு நான் இருக்கிறேன். மேல்குரலுக்கு ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் அந்த ஆள் கிடைக்கவில்லை.

உடையார்பாளையத்தில் நன்றாகப் பாடுகிற நண்பர் ஒருவரைக் கேட்டேன். விளக்கி முடிப்பதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது. "நீங்க ஒண்ணு பாட, நான் இன்னொண்ணு பாடுனா, சுருதி சேரலன்னுல்ல சொல்லுவாங்க? ஒங்களுக்கு ஏங்க இந்த வேண்டாத வேலை?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் நாலு பேர் சேர்ந்து பாடினால் ஒரே ஆள் பாடுவது போலக் கேட்க வேண்டும். அதுதான் நல்ல பாட்டு.

கடைசியில் என் மனைவிதான் ஒத்துக்கொண்டாள். வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். மார்கழியானால் பஜனைக்குப் போவாள். பஜனையில் முன்பாட்டுக்காரர் பாடுவதை அப்படியே வாங்கிப் பாட வேண்டும், ஒரு குரல் தனியாகத் துருத்தினால் பக்கத்து ஆள் முழங்கையால் இடிப்பார். அப்படிப் பழகிய தொண்டையை நான் மேலே போ என்றால் போகுமா? இரண்டு வார்த்தை மேலே நிற்பாள், மூன்றாவதில் வந்து என் ஸ்வரத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

"ஏம்மா, என் கூட வராதன்னு எத்தன தடவ சொல்றது?"

"நீங்க பாடுறது காதுல விழுதுல்ல? விழுந்தா வாய் அங்கதாங்க போவுது."

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். என் குரலை விட்டுவிட்டு, மேல்குரலை மட்டும் ஒரு தனிப் பாட்டாகப் பாடம் செய்தாள். மிஷினை மிதித்துக்கொண்டே அதைப் பாடுவாள். தலையும் வாலும் இல்லாத அந்த மெட்டைக் கேட்டு, ஜாக்கெட் வாங்க வந்த பெண்கள் "என்ன பாட்டுக்கா இது?" என்று சிரித்திருக்கிறார்கள். அவள் விடவில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து பாடும்போது கடைசி வரியில் எப்போதும் வழுக்கிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும், எழுந்து வெளியே போய்விடுவேன்.

மச்சினன் மகளுக்குப் பெரம்பலூரில் காதுகுத்து வந்தது. மண்டபம் பிடித்து, பகல் பந்தி ஓடும்போது கச்சேரி என்று ஏற்பாடு. நடுவில் எங்கள் பாட்டுக்கும் இடம் கேட்டு வாங்கினேன். கீபோர்டுக்காரருக்குப் பாட்டை முன்பே அனுப்பியிருந்தேன், அடியில் மாறுகிற இடங்களை அவர் சரியாகப் பிடித்தும் விட்டார்.

மேடையில் எனக்குப் பின்னால் டிரம்ஸ், முன்னால் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். பல்லவி வந்தது. மனைவி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. எனக்குக் கேட்பதெல்லாம் என் குரல்தான். கடைசி வரியில் அவளையே பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம், காதில் விழ வேண்டுமே.

இறங்கியதும் மச்சினன் ஓடிவந்து, "மாமா, தனியாளா அசத்திட்டீங்க" என்று செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். அதிலும் என் குரல் ஒன்றுதான். எனக்குத் தலை சூடாகிவிட்டது. நேரே சவுண்டு செட்டுக்காரரிடம் போனேன்.

"எங்க வீட்டம்மா மைக் வேலை செய்யலயா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்லாத்தான் செஞ்சுது சார். அக்கா சுருதி விலகி மேல போயிட்டாங்க. சொந்தபந்தம் எல்லாம் ஒக்காந்திருக்கு, பாவம் மானம் போயிருமேன்னு நான்தான் சத்தமில்லாம கொறச்சுட்டேன். யாருக்கும் தெரியாது, நீங்களும் சொல்லிக்காதீங்க."

விசேஷ வீட்டில் சொந்தக்காரர்கள் மைக் பிடித்துத் தடுமாறினால் இப்படிக் குறைத்துவிடுவது அவர்கள் வழக்கம். நல்ல மனசு. அந்த நல்ல மனசில் இடி விழ. திட்டவும் முடியாமல், நன்றி சொல்லவும் முடியாமல் திரும்பினேன்.

சாப்பிட்டுவிட்டு பைக்கில் அரியலூருக்குக் கிளம்பினோம். மனைவியிடம் மைக் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தொட்டாள்.

"கடைசி வரியில நான் எறங்கலங்க. அங்கயே நின்னுட்டேன். இன்னைக்குத்தான் மொத தடவ. சரியா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"எனக்குக் கேக்கலம்மா."

தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"பக்கத்துலதானங்க நின்னீங்க?"