நான் இழுத்த பக்கத்துக் கோடு

எங்கள் தோட்டத்தில் இடிந்து கிடந்த ரப்பர் ஃபேக்டரியின் சிமெண்டுத் தரையைக் கூடைப்பந்துத் திடலாக ஆக்கியவன் நான். இரண்டு வளையத்துக்கும் சுங்கை காடுட் பழைய இரும்புக் கடையில் கம்பி பொறுக்கி, நானே வளைத்து, நானே வெல்டிங் அடித்தேன். வளையத்துக்குப் பின்னால் இருக்கிற பலகை என் முதல் லாரியின் பக்கப் பலகை. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்ற மூன்று லாரி வைத்திருந்தேன். அதற்கு முன்னால் அடுத்தவர் லாரியில் கிளீனர். கோயில் தண்ணீர்த் தொட்டியும் நான் கட்டியதுதான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மலாய் மொழியில் ஒரு விண்ணப்ப ஃபாரம் வந்தால் இன்றைக்கும் மகள்தான் நிரப்ப வேண்டும். அதையும் மறைக்கவில்லை.

பெண்கள் டீமையும் நான்தான் சேர்த்தேன். தோட்டத்தில் பந்து என்றால் காற்பந்துதான். ஆனால் பாதிக் குடும்பம் டவுன் பக்கத்துத் தாமான் வரிசை வீடுகளுக்குப் போன பிறகு பதினோரு பேருக்கு எங்கே போவது? ஐந்து பேர் போதும் என்கிற ஆட்டம் எது என்று மகளைக் கேட்டேன். அவள் இடைநிலைப் பள்ளியில் ஆடியவள். "கூடைப்பந்துப்பா" என்றாள். "பொம்பளப் பிள்ளைங்க குதிக்கிறத வேடிக்கை பாக்க திடல் போடுறியா?" என்று கோயில் கமிட்டியில் ஒருவர் கேட்டார். அடுத்த வருசம் அவர் மருமகளே எங்கள் டீமில் ஆடினாள்.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது ஒன்று உண்டு. வாலிபத்தில் நான் லைன் மண்டோர். கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட காலத்தில், எந்தக் கன்று எங்கே நிற்க வேண்டும் என்று கம்பி இழுத்துக் குறி போட்ட ஆள். பெடாஸ் ரோட்டில் காரில் போகும்போது பாருங்கள், எங்கள் காட்டில் மரங்கள் நேராகப் பார்த்தாலும் வரிசை, குறுக்கே பார்த்தாலும் வரிசை. அளவு என்றால் என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று துரை சொல்வார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

போன வருசம் தோட்டத்து மகளிர் கோப்பை எங்கள் திடலில் நடந்தது. கடைசி ஆட்டம் எங்களுக்கும் பகாவ் பக்கத்து டீமுக்கும். அவர்களிடம் ஒரு பெண் இருந்தாள். குள்ளம்தான். ஆனால் கையில் பந்து வந்தால் வளையத்தைப் பார்ப்பதுகூட இல்லை, பந்து தானாகப் போய் விழும். அப்படி ஓர் ஆட்டம் நான் பார்த்ததில்லை. பாதி ஆட்டத்துக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். அங்கிருந்து அவள் தூரத்தில் நின்று மூன்று தடவை போட்டாள், மூன்றும் விழுந்தது. தூரத்து வளைவுக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரெஃப்ரி அவள் கால் கோட்டைத் தாண்டி உள்ளே இருந்தது என்று மூன்று புள்ளிக்குப் பதில் இரண்டுதான் கொடுத்தார்.

மூன்றாவது தடவை அவளுக்கு வந்ததே கோபம்! "பொய்யான கோடுலா இது! எந்தக் குருடன் போட்டான் இந்தக் கோட்டை?" என்று கத்திக்கொண்டு வந்து, புள்ளி எழுதுகிற மேசையை ஓர் உதை விட்டாள். மேசையில் பால் ஊற்றாத தேத்தண்ணி, தே ஓ, ஃபிளாஸ்க்கில் சுடச்சுட இருந்தது. மேசைக்குப் பின்னால் நான் இருந்தேன். தே ஓ முழுக்க என் தொடையில். அவளை வெளியேற்றினார்கள். ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்திருந்தோம். கோப்பையை நான்தான் வாங்கினேன், ஒரு கையால் சாரத்தைத் தொடையில் ஒட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

இந்த வருசம் அந்தப் பெண் கல்யாணம் கட்டிப் பெடாஸுக்கு வந்துவிட்டாள். சுங்கை காடுட்டில் என் மகள் வேலை செய்கிற அதே ஃபேக்டரியில் வேலை. அதே நேரம் எங்கள் டீமில் வளையத்துக்குக் கீழே நின்று ஆடுகிற உயரமான பெண் மாசமாக இருந்தாள். ஏழு பேரில் ஆறு பேர் மிச்சம். கோப்பை ஆட்டம் இந்தத் தடவை பகாவில். புது ஆள் இல்லாமல் முதல் ஆட்டத்தையே தாண்ட மாட்டோம் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்திலேயே அவள் இருக்கிறாள். கூப்பிடுவதா வேண்டாமா?

மூன்று பேர் கூப்பிடலாம் என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றதில் முதல் ஆள் என் மகள், டீம் கேப்டன்.

"அப்பா, அவ உங்களக் குருடன்னு சொன்னா."

"என்னைன்னு தெரிஞ்சா சொன்னா? கோடு போட்டவனச் சொன்னா."

"கோடு போட்டது யாரு?"

நான் பந்தை எடுத்துக் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன்.

"அவ வந்தா ஒரு ஆட்டம் ஜெயிப்போம், ரெண்டாவது ஆட்டத்துல போலீஸ் வரும்" என்றாள் இன்னொருத்தி. கூப்பிடலாம் என்ற கட்சியில் ஒருத்தி, "அவ கோவம் நம்ம பக்கம் இருந்தா நல்லதுதானே? இத்தினி நாளு எதிர்ப்பக்கம் இருந்துச்சி" என்றாள். அதுவும் சரியாகத்தான் பட்டது. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் ஓட்டில்தான் முடிவு. மூன்று லாரி வாங்கும்போதுகூட நான் இப்படி முழித்ததில்லை.

ஆளைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று ஒரு சாயங்காலம் மோட்டாரை எடுத்துக்கொண்டு பெடாஸ் போனேன். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க அங்கிள். தொடை ஆறிடுச்சா?"

கேலியா, அக்கறையா? முகத்தைப் பார்த்தால் இரண்டும் மாதிரி இருந்தது. விசயத்தைச் சொன்னேன். உள்ளே இருந்து மாமியார் முந்திக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்கண்ணே! அங்க போயி கத்துனா இங்க கத்துறது கொறையும்" என்றார். அவளும் சிரித்துவிட்டாள்.

"அங்கிள், உங்க திடல்ல அந்தப் பக்கத்துக் கோட்டை அளந்து பாத்தீங்களா?"

"நான் போட்ட கோடும்மா அது. காட்டுக்கே லைன் போட்டவன் நான்."

"அளந்து பாருங்க. தப்பா இருந்தா வந்து கூப்பிடுங்க, வர்றேன்."

"தப்பா இல்லாட்டி?"

"தப்பா இல்லாட்டி என்னை எதுக்குக் கூப்பிடுறீங்க? மேசையை ஒதைச்ச பைத்தியத்த?"

கிளம்பும்போது அவளே கேட் வரைக்கும் வந்து, "இன்னொண்ணையும் சொல்லிடுறேன். பள்ளிக்கூடத்துல ஆடுறப்ப சிரம்பான்லயும் ஒரு மேசையை ஒதைச்சிருக்கேன். அங்க கோடு சரியாத்தான் இருந்துச்சி" என்றாள்.

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வழியெல்லாம் இதே யோசனை. கோடு தப்பு என்றால் அவள் கோபம் நியாயம். கோடு சரி என்றால் அவள் ராங்கிக்காரி. இப்படி இரண்டில் ஒன்று என்று நினைத்து வந்தேன். கோடு சரியாக இருந்த இடத்திலும் உதைத்தாள் என்றால் இதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

மறுநாள் விடிந்ததும் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். வளையத்துக்கு நேர் கீழே ஆணி அடித்த துளை இன்னும் இருக்கிறது. இந்தப் பக்கம் அளந்தேன். சரியான அளவு. அந்தப் பக்கம் அளந்தேன். ஒரு சாண், நாலு விரல் அதிகம். மறுபடி அளந்தேன். டேப்பைத் திருப்பிப் பிடித்து அளந்தேன். அதே ஒரு சாண், நாலு விரல்.

திடல் போட்ட அன்று நடந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காட்டில் நான் எப்போதும் கம்பிதான் இழுப்பேன். புது சிமெண்டில் கம்பி கீறிவிடும் என்று அன்றைக்கு நைலான் கயிறு எடுத்தேன். முதல் பக்கம் ஆணியில் கயிற்றை நான் பிடித்துக்கொள்ள, மகள் மறுமுனையில் பெயிண்டைப் பிடித்து வளைவு போட்டாள். அடுத்த பக்கம் அவள் ஆணியில், நான் பெயிண்டில். லைன் மண்டோர் பழக்கம் விடுமா? கம்பியை இழுக்கிற மாதிரி விறைப்பாக இழுத்திருக்கிறேன். கம்பி நீளாது. நைலான் நீளும். பிள்ளை இழுத்த பக்கம் சரியாக இருக்கிறது. நான் இழுத்த பக்கம் தள்ளிப் போய்விட்டது.

மகள் வேலைக்குப் போகிற வழியில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள். டேப்பைப் பார்த்தாள்.

"இப்பதான் அளக்குறீங்களாப்பா?"

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் நாங்க தூரத்துல இருந்து போடவே மாட்டோம். உள்ள போயித்தான் போடுவோம்."

"ஏன் சொல்லல?"

"காட்டுக்கே லைன் போட்டவருகிட்ட யாருப்பா போயி சொல்றது?"

அவள் போய்விட்டாள். நான் அங்கேயே சிமெண்டில் உட்கார்ந்தேன். அந்தக் கோப்பை எங்களுடையதா, இல்லையா? பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுகிறார்கள். அப்படியானால் தள்ளிப் போன கோடு எங்களுக்கும் பாதி, அவர்களுக்கும் பாதி. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அப்படியானால் நேராகவில்லை. ஆனால் எனக்கும்தான் தெரியாது. நான் ஏமாற்றினேனா, ஏமாந்தேனா? இப்படிச் சுற்றிச் சுற்றி யோசித்ததில் வெயில் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரையும் நிறுத்தி விசயத்தைச் சொன்னேன். தெரிந்த விசயத்தை முதல் தடவை கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். "என் ஓட்டு அவளுக்கு" என்றேன். மகள், "சரி, அப்ப அவ உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றாள். உதைத்தது அவள், கோணல் கோடு என்னுடையது. யார் யாரிடம் கேட்பது? கடைசியில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டோம். இந்தத் தடவை கம்பி. கீறினால் கீறட்டும். ஆணியில் பிடித்தது, சொன்னபடியே வந்து சேர்ந்த அந்தப் பெடாஸ் பெண். நான் பெயிண்டில்.

"இழுக்காதீங்க அங்கிள்!"

"கம்பிம்மா இது, நீளாது."

"நீங்க இழுத்தா நீளும்!"

டீம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. மேசை பக்கத்தில்தான் இருந்தது. அப்போதுதான் அவள் கோபம் கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

பகாவில் முதல் ஆட்டம் அவளால்தான் ஜெயித்தோம். அவளுடைய பழைய டீமின் ஆட்களே கை தட்டினார்கள். இரண்டாவது ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். நாங்கள் முன்னால் இருக்கிறோம். என் மகள் எதிராளி கையிலிருந்த பந்தைத் தட்டினாள், ரெஃப்ரி பந்தை இல்லை, கையைத் தட்டினாள் என்று ஊதினார். நான் பார்த்தேன், பந்துதான். மகள் வாயைத் திறக்கவில்லை. மேசையை உதைத்தவள்தான் போனாள். "என்னா பாத்து ஊதுன? அவ கை எங்க, பந்து எங்க?" என்று ஆரம்பித்து, பந்தை ஓர் உதை. அது வேலியைத் தாண்டிப் பெரிய சாக்கடையில் விழுந்தது. அவளை வெளியேற்றினார்கள். நாங்கள் இரண்டு புள்ளியில் தோற்றோம்.

வேனில் வரும்போது அவளைக் கூப்பிடலாம் என்று சொன்ன மூன்று பேரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாதி வழியில் அவர்களில் ஒருத்தி, "அடுத்த வருசம் இவ வேணாம்" என்றாள். உடனே என் மகள், வேண்டாம் என்று முதலில் சொன்னவள், "இவ இல்லாட்டி நானும் இல்ல" என்றாள். "எனக்காக இது வரைக்கும் யாரு போயி கேட்டிருக்கா?" மகள் தோளில் சாய்ந்து தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் அந்தக் கோபக்காரி. முன்பு வேண்டாம் என்ற மற்ற இரண்டு பேரும் மகள் பக்கம் சாய்ந்தார்கள். மறுபடியும் மூன்றுக்கு மூன்று, ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். மறுபடியும் என் ஓட்டு.

அவளைச் சேர்த்தது சரியா, தப்பா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சரி என்று எழுந்திருக்கிறேன், சாப்பாட்டு நேரத்துக்குள் தப்பு என்று தோன்றுகிறது. ஆனால் ஓட்டு மறுபடியும் அவளுக்குத்தான். இதை அவளிடமும் சொல்லிவிட்டேன். "யோசிச்சிட்டுச் சொல்லுங்க அங்கிள்" என்றாள். யோசித்தால் எந்தப் பக்கம் போவேன் என்று தெரியாது, அதனால்தான் யோசிக்காமல் சொன்னேன்.

இப்போது கோயில் கமிட்டி திடலில் ஒரு பலகை வைக்கப் போகிறதாம். எழுதி வைத்திருப்பதை மகள் படித்துக் காட்டினாள்: "தோட்ட மக்களின் முயற்சியால் உருவானது." தோட்ட மக்கள் யார்? கம்பி வளைத்தது யார்? கமிட்டிச் செயலாளர் படித்தவர், தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், பழைய கிராணி வீட்டுப் பிள்ளை. அவரிடம் போய்க் கேட்டேன்.

"உங்க பேரைப் போட்டா அந்தக் கோணல் கோட்டையும்லண்ணே போடணும்?" என்று சிரித்தார்.

போடுங்கள் என்கிறேன். தரை, வளையம், பலகை, டீம், எல்லாம் இவர் போட்டது என்று போடுங்கள். ஒரு சாண், நாலு விரல் தள்ளிப் போன கோடும் இவர் இழுத்தது, அதை அழித்துத் திரும்பப் போட்டதும் இவர்தான் என்று போடுங்கள். அந்தக் கோபக்காரியை டீமுக்குள் கொண்டுவந்த ஓட்டும் இவருடையது என்று போடுங்கள். அது சரியா தப்பா என்று படிக்கிறவர்கள் முடிவு பண்ணிக்கொள்ளட்டும். என் பேர் மட்டும் அந்தப் பலகையில் இருக்க வேண்டும்.