இடுப்பில் கைவைத்து நிற்கும் அக்கா

வடமதுரையில் என் அக்கா வீட்டு அடுப்படியில் ஒரு பீங்கான் கப் இருந்தது. டீ குடிக்க அல்ல. கேஸ் லைட்டரும் பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலும் போட்டு வைக்க. அதன் மேல் ஒரு போட்டோ அச்சடித்திருந்தது. பழைய பிரெஞ்சு நாடகம் ஒன்றின் காட்சி. பஞ்சு ஒட்டிச் செய்த வெள்ளைப் பொய்முடியோடு ஒரு பணக்காரக் கிழவர் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். எதிரே வேலைக்காரி ஒரு கையை இடுப்பில் வைத்து, மறுகையின் விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி நிற்பாள். கிழவர், அக்காவின் வகுப்புத் தோழி. வேலைக்காரி, அக்கா. அக்கா இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, காபி போட லைட்டரைத் தேடியபோது அந்தக் கப் கையில் வந்தது. அழுகை வரவில்லை. அடக்கத்தன்றும் எனக்கு வரவில்லை. லைட்டர் கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் தோன்றியது.

தொண்ணூறுகளில் அக்கா திண்டுக்கல்லில் கல்லூரியில் படித்தாள். பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி எடுத்தவள், போகப் போக அதன் மேல் பைத்தியமாகிவிட்டாள். கடைசி வருட விழாவில் நாடகம் போட்டார்கள். வீட்டில் விருந்தாள் இருந்ததால் நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் துணி அலசும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் அவள் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததில், இவளை மந்திரிக்கக் கூட்டிப் போகலாமா என்று அம்மா யோசித்ததுண்டு. பிரெஞ்சு மேடம் புதுச்சேரியில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிக் கொடுத்திருந்தார். அக்கா ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று அவள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வடமதுரையில் உரக்கடை. பங்குச் சாமியார் சொல்லி வந்த சம்பந்தம். கேசரியும் மிக்சரும் ஆன பிறகு மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணு பிரெஞ்சு படிச்சிருக்காமே. செத்த பேசிக் காட்டு தாயி, கேப்போம்" என்றார். பாடத் தெரியுமா என்று கேட்டதுபோய் இதுவும் வந்துவிட்டதா என்று எனக்குச் சிரிப்பு. அக்கா காபித் தட்டைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து எங்கள் அப்பாவைப் பார்த்துப் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தாள். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார், அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அன்றே பேசி முடித்தார்கள். அடுத்து வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வாசிக்கும்போதெல்லாம், அக்கா முக்காடிட்டு என் பக்கத்தில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் ஒன்றும் தெரிவிக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, போட்டோவைக் கப்பில் அச்சடித்துத் தரும் கடைகள் திண்டுக்கல்லுக்கும் வந்திருந்த சமயம், கல்லூரியின் பழைய மாணவிகள் கூடினார்கள். நாடகத்தில் நடித்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கப். ஊர் திரும்பும் வழியில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். யாரை இந்த மிரட்டு மிரட்டுகிறாய் என்று படத்தைப் பார்த்துக் கேலி செய்தேன். அப்போதுதான் சொன்னாள். மகளைக் கேட்காமலே அவளுக்குக் கல்யாணம் பேசும் எஜமானரை வேலைக்காரி மடக்குகிற காட்சி அது. ஐயா, இந்தக் கல்யாணம் நடக்காது, உங்கள் மகளுக்கு வேறு ஆசை இருக்கிறது, அது என்னவென்று ஒரு தடவையாவது கேட்டீர்களா என்பதுதான் வசனம். பெண் பார்க்க வந்த அன்று நடுவீட்டில் அவள் பேசியதும் அதேதான். தமிழிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன்.

"தமிழ்ல சொல்ல எனக்கு யாருடி வசனம் எழுதிக் குடுத்தா?" என்றாள்.

குரலில் கோபம்கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கப்பைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மச்சான் நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. புதுச்சேரிப் பேச்சு அவர் காதுக்குப் போனதே இல்லை. சில வருடம் கழித்துக் காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை.

பூசை முடிந்த அன்று நான் கப்பும் கையுமாக நிற்பதைப் பார்த்து மச்சான் அடுப்படி வாசலுக்கு வந்தார். தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் அக்காவின் முகம் வெளுத்திருந்தது. நீட்டிய விரல் மட்டும் அப்படியே இருந்தது.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்குப் பேசுனாள்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன், கட்டுனா இவளத்தான்னு" என்றார். "அன்னைக்கு நீ என்ன சொன்னன்னு அவகிட்ட எம்புட்டோ தடவை கேட்டுட்டேன். சிரிச்சிட்டுப் போயிருவா. உனக்குத் தெரியுமா?"

"நாடகத்து வசனம் மச்சான்."

"நல்லாச் சொன்னா" என்றார்.

அந்தக் கப்பை நான் கொண்டுபோகட்டுமா என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. காபியைப் போட்டு முடித்து, லைட்டரைக் கப்பில் போட்டு, படம் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். மச்சான் உள்ளே வந்து அதைத் திருப்பி, அக்கா தெரியும்படி வைத்துவிட்டுத் தன் காபியை எடுத்துக்கொண்டு போனார்.