டிரம்மில் இருந்த சிவப்பு

மலேசியாவில் தம்பின் ஊர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த ரப்பர் எஸ்டேட்டை விற்றதும், பால் மரம் வெட்டிய கைக்கு வேலை இல்லாமல் போனது. பழைய டிரம் ரிப்பேர் செய்யும் அந்தோணி கடையில் சேர்ந்தேன். முதல் நாளே டிரம்மைத் தேய்க்கப் புளி கேட்டேன்.

"அக்கா, இது குத்துவிளக்கு இல்ல லா. நிக்கல். மேல மெல்லிசாதான் பூசியிருப்பான். புளி போட்டுத் தேச்சா உள்ள இருக்கிற பித்தளை பல்லக் காட்டும்," என்றார் அந்தோணி.

அன்றிலிருந்து மெத்தென்ற துணி, பாலிஷ், பழைய டூத் பிரஷ். யாரோடும் பேச வேண்டாத வேலை. அதுதான் எனக்கு ஒத்து வந்தது.

ஒரு நாள் செல்வம் என்பவர் சைடு டிரம் ஒன்றைக் கொண்டு வந்தார். அவருடைய அப்பா எஸ்டேட் பேண்டு பார்ட்டியில் அடித்தது. மனைவி இறந்ததிலிருந்து பெரியவர் குச்சியைத் தொடவில்லையாம். இந்தத் திருவிழாவில் சாமிக்கு முன்னால் அவர் மறுபடி அடிக்க வேண்டும். டிரம்மைப் புதுசாகப் பார்த்தால் ஆசை வரும் என்றார்.

பாலிஷ் முடிந்ததும் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தோலை இறுக்கும் ஸ்க்ரூ மாட்டுகிற லக் ஒவ்வொன்றின் கீழும் விரலைக் காட்டினார்.

"என்னக்கா, செவப்பா துரு இருக்கே?"

"குங்குமங்க. ஆயுத பூசைக்கு வச்சிருப்பாங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அழுக்குதானே? எடுத்துருங்க. ஷோரூம்ல இருக்கிற மாதிரி வேணும்."

கல்லாக இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து எடுத்தேன். டிரம் கண்ணாடி ஆனது. அந்தோணி அதில் பார்த்து மீசையைச் சீவிக்கொண்டார்.

மறுநாள் செல்வம் அப்பாவைக் கூட்டி வந்தார். பெரியவர் லக்குக்குக் கீழே விரலை விட்டுத் தடவினார்.

"நல்ல டிரம்மு. யாரோடது?"

"உங்களுதுதாம்பா!"

"என்னுதுல உங்கம்மா வச்ச பொட்டு இருக்கும். ஊரான் டிரம்ம நான் ஏன் அடிக்கிறேன்?"

செல்வம் என் பக்கம் திரும்பினார். "யாருக்கா அதத் தொடச்சது?"

அந்தோணிக்கு இருமல் வந்துவிட்டது. நான் பின்பக்கம் போனேன். துடைத்த துணியை எறிந்தால் அந்தோணி கத்துவார். துவைத்து மறுபடி எடுக்க வேண்டும். அன்றைக்குச் சோம்பலில் துவைக்காமல் போட்டிருந்தேன். எண்ணெயும் குங்குமமுமாகச் சொதசொதவென்று கிடந்தது. கொண்டுவந்து நீட்டினேன்.

பெரியவர் மோந்து பார்த்தார். கட்டைவிரலைத் துணியில் அழுத்தி, ஒவ்வொரு லக்கிலும் பொட்டு வைத்தார். விரலில் மீந்ததைப் பளபள ரிம்மிலேயே தேய்த்தார்.

"அப்பா! நிக்கலு!"

"குச்சிய எடுடா."

அடித்த அடியில் எதிர்க் கடைக்காரர் வெளியே ஓடி வந்துவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். துடைத்த துணியை, டிரம் வீடு போய்ச் சேரும்வரை துவைக்காதீர்கள். அந்தோணி இப்போது எந்தத் துணியையும் துவைக்க விடுவதில்லை. பின்பக்கம் கால் வைக்க இடமில்லை.